நெஞ்சினுள் ஒரு நெருக்கடி



இந்தச் சபையில் பேசவேண்டும் என்று என்னை அழைத்த அன்பர், பயமுறுத்தாமல் பேசுங்கள் என்று ஒரு நிபந்தனையும், ஆனால் வெறும் ஆறுதலாகவும் பேசிவிடாதீர்கள் என்று இன்னொரு நிபந்தனையும் விதித்துவிட்டுப் போனார். வியாதிகளைப் பற்றிப் பொதுமேடையில் பேசுகிறவனுக்கு இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றுவது கயிற்றின்மேல் நடப்பதைப் போன்றதுதான். இருந்தாலும், இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயத்துக்குப் பொருத்தமாக நம்முடைய பாஷையிலேயே ஒரு சொல் இருப்பதால், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மறுகரைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று எண்ணுகிறேன். நெருக்கடி என்பதே அந்தச் சொல். இடம் போதாமல் ஒன்றையொன்று நெருக்குவதும் நெருக்கடி. உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்கிற அவசர நிலைமையும் நெருக்கடி. மார்பினுள் இருக்கும் ஒரு பெரிய இரத்தக்குழாய் அடைபடுவதைப் பற்றிய வைத்திய சரித்திரம் முழுவதும், முதல் பொருளையும் இரண்டாம் பொருளையும் மருத்துவர்கள் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதும், பிறகு மெள்ள மெள்ளப் பிரித்தறிந்ததுமான சரித்திரமே ஆகும்.

ஓர் இளைஞனை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்க்கிறான். முகம் உப்பியிருக்கிறது, கண்ணிமைகள் கனத்திருக்கின்றன. இராத்திரி தூக்கம் சரியில்லை என்று வீட்டில் சொல்லுகிறார்கள். அவனும் அப்படியே நம்புகிறான், ஏனென்றால் மத்தியானத்துக்குள் வீக்கம் வடிந்துவிடுகிறது. ஒரு வாரம் கழித்துச் சட்டையின் கழுத்துப் பொத்தான் போட முடியவில்லை. உடம்பு பூசியிருக்கிறது என்று தாயார் சந்தோஷப்படுகிறாள். குனிந்து செருப்பை மாட்டும்போது தலைக்குள் ஏதோ நிரம்பி வழிவதுபோல் கனக்கிறது; மோதிரம் விரலை விட்டு இறங்கமாட்டேன் என்கிறது; மல்லாந்து படுத்தால் இருமல் வருகிறது, ஆகையால் இரண்டு தலையணை, பிறகு மூன்று தலையணை. கடைசியாக ஒரு நாள் குளித்துவிட்டு நிற்கும்போது, மார்பின்மேல் முன்பு இல்லாத நீல நரம்புகள், மழைக்குப் பின் ஆற்றுமணலில் ஓடும் சிறுகால்களைப் போலக் கிளை கிளையாகப் புடைத்திருப்பதைக் காண்கிறான். இவை ஒவ்வொன்றும் தனித்தனியே அற்பமானவை. ஒவ்வொன்றுக்கும் நம் வீடுகளில் தயாராக ஒரு சமாதானம் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வாக்கியமாக வாசித்தால்தான் அர்த்தம் புலப்படும்.

அந்த வாக்கியத்தை வாசிக்க, மார்பின் நடுவே இருக்கும் குறுகிய அறையைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நுரையீரல்களுக்கும் இடையே, முன்னால் மார்பெலும்பும் பின்னால் முதுகெலும்பும் சுவர்களாக அமைய, ஒரு நடுவறை இருக்கிறது. இருதயம், இருதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி, மூச்சுக்குழல், உணவுக்குழல், இவற்றுக்கிடையே கொத்துக் கொத்தாக நிணநீர்க் கணுக்கள், இத்தனையும் அந்த அறைக்குள் குடியிருக்கின்றன. தலை, கழுத்து, இரு கைகள், மேல்மார்பு ஆகிய பிரதேசங்களில் உலாவிக் களைத்த இரத்தம் முழுவதும் இருதயத்துக்குத் திரும்பி வரும் ஒரே ராஜபாட்டை, மேற்பெருஞ்சிரை என்னும் குழாய். அதன் நீளம் சுமார் 7 சென்டிமீட்டர். அகலம் சுமார் 2 சென்டிமீட்டர். நம் ஆள்காட்டி விரலின் அளவுக்கு மேல் இல்லை. மகாதமனியின் சுவர் தடித்தது, உள்ளே இரத்தம் 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் பாய்வதால் யார் நெருக்கினாலும் அது எளிதில் மசியாது. மூச்சுக்குழலுக்குக் குருத்தெலும்பு வளையங்கள் காவல். மேற்பெருஞ்சிரைக்கோ சுவர் மெல்லியது, உள்ளழுத்தமும் 10 மில்லிமீட்டரைத் தொடாதது. நெருக்கமான வீட்டில் சாதுவாக இருப்பவன்தான் முதலில் மூலைக்குத் தள்ளப்படுகிறான் என்பதை விளக்கவேண்டிய அவசியம் இல்லை.

குழாய் நசுங்கியதும், மேலே இருக்கும் இரத்தம் இறங்க வழியில்லாமல் தேங்குகிறது. பகலில் நிமிர்ந்திருக்கும்போது பூமியின் இழுப்பு சிறிது உதவி செய்கிறது. இரவில் படுத்துவிட்டால் அந்த உதவியும் இல்லை. காலையில் உப்பிய முகம் மத்தியானத்தில் வடிந்ததன் ரகசியம் இதுவே. சிறுநீரகக் கோளாறிலும் காலையில் முகம் உப்பும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே கால்களும் வீங்கும், கழுத்து நரம்புகள் இப்படிப் புடைத்து நிற்கமாட்டா.

சரீரமோ வழி அடைபட்டால் வாளாவிருப்பதில்லை. பெரிய வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு வயலுக்கு வயல் இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள். அதுபோலவே, தேங்கிய இரத்தம் மார்பின் தோலுக்கடியில் உள்ள சின்னஞ்சிறு சிரைகளிலும், விலா எலும்புகளுக்கு உட்புறத்துச் சிரைகளிலும், முதுகெலும்பை ஒட்டியவற்றிலும் புகுந்து, அவற்றை வாரக்கணக்கில் அகலப்படுத்திக்கொண்டு இருதயத்தைத் தேடிப் போகிறது. இவற்றுள் முக்கியமான ஒரு துணைவழி, ஜோடியில்லாத காரணத்தால் கிரேக்க பாஷையில் அசைகஸ் என்று பெயர் பெற்ற ஒற்றைச் சிரை. அது மேற்பெருஞ்சிரையின் பின்புறத்தில் வந்து கலக்கிறது. அடைப்பு அந்தச் சங்கமத்துக்கு மேலே இருந்தால், ஒற்றைச் சிரை பாரத்தைச் சுமந்துகொள்ளும், நோயாளிக்கும் அவ்வளவு சிரமம் தெரியாது. சங்கமமே அடைபட்டுவிட்டாலோ, தலையிலிருந்து வரும் இரத்தம் வயிற்றுப் பக்கம்வரை கீழே இறங்கி, கீழ்ப்பெருஞ்சிரையைப் பிடித்து, மறுபடியும் மேலேறி வரவேண்டும். உபாதை மிகவும் அதிகம். அனுபவசாலியான வைத்தியர் மார்பில் புடைத்த ஒரு நரம்பை இரண்டு விரல்களால் அழுத்தி, வழித்து வெறுமையாக்கி, ஒவ்வொரு விரலாக எடுத்து எந்தப் பக்கத்திலிருந்து அது நிரம்புகிறது என்று பார்ப்பார். மேலிருந்து கீழ்நோக்கி நிரம்பினால் பாதி நோயை அவர் கண்டுபிடித்துவிட்டார். ஒரு காசு செலவில்லை. யந்திரங்கள் பெருகிய இந்நாளில் இந்த இரண்டு விரல் சோதனையைச் செய்கிறவர்கள் குறைந்துவருவது எனக்கு வருத்தம்தான்.

சரி, நெருக்குகிறவன் யார்? 1757-ஆம் வருஷத்தில், லண்டன் நகரத்து உடற்கூற்று நிபுணரான வில்லியம் ஹண்டர் இந்த அடைப்பை முதன்முதலாக வர்ணித்தபோது, குற்றவாளி பக்கத்து வீட்டுக்காரனாகிய மகாதமனியே. சுவர் நைந்து, ஊதிப்போய், அண்டையிலிருந்த சிரையை அது நசுக்கிவிட்டது. மகாதமனி இவ்வாறு ஊதுவதற்கு அந்தக் காலத்தில் பெருங்காரணம் சிபிலிஸ் என்னும் மேகநோய். 1837-இல் டப்ளின் நகரத்து வில்லியம் ஸ்டோக்ஸ் மார்பு நோய்களைப் பற்றி எழுதிய கிரந்தத்துக்குப் பிறகு, கழுத்தைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோன்ற வீக்கத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1954-இல் ஷெக்டர் என்னும் அமெரிக்க மருத்துவர், அதுவரை நூல்களில் பதிவான 274 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோதுகூட, சுமார் 40 சதவீதத்துக்கு மேகநோயும் க்ஷயரோகமுமே காரணங்களாக இருந்தன. பெனிசிலினும் க்ஷயரோக மருந்துகளும் வந்தபின் அவ்விரண்டும் பின்வாங்க, நுரையீரல் புற்றுநோய் முதலிடத்தையும், லிம்போமா என்னும் நிணநீர்க் கணுப் புற்று இரண்டாம் இடத்தையும் பிடித்துக்கொண்டன. வைத்தியத்துக்காகவே பெருஞ்சிரைக்குள் செருகும் குழாய்களாலும், இருதயத் துடிப்புக் கருவியின் கம்பிகளாலும் இரத்தம் உறைந்து அடைபடுவது சமீபகாலத்துப் புதுவரவு. இளவயதில் இந்த அடைப்பு வருமானால், முதலில் நாம் சந்தேகிக்க வேண்டியது லிம்போமாவை. ஆகவே அதனிடமே சற்று நின்று பேசுவோம்.

நிணநீர்க் கணுக்களை நீங்கள் அறியாதவர்கள் அல்ல. காலில் முள் தைத்துச் சீழ்பிடித்தால் தொடையிடுக்கில் கட்டி எழும்பும். நெறி கட்டியிருக்கிறது என்று பாட்டிமார் சொல்லுவார்கள். கிருமிகளோடு போர்புரியும் வெள்ளணுக்களின் பாசறைகளே இந்தக் கணுக்கள். போர் முடிந்தால் பாசறை சுருங்கவேண்டும். லிம்போமாவில் போரே இல்லை. ஒரு வெள்ளணு கட்டளையை மீறித் தன்னையே பெருக்கிக்கொண்டு போக, நெறி வலியில்லாமல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. கழுத்தில் வளர்ந்தால் கைக்குத் தட்டுப்படும். மார்பின் நடுவறையில் வளர்ந்தால் சிரை நசுங்கும்வரை தகவலே இல்லை.

1832-இல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த தாமஸ் ஹாட்ஜ்கின், கணுக்களும் மண்ணீரலும் வீங்கி மாண்ட 7 பேரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குவேக்கர் மரபில் வந்த கருணை உள்ளம் படைத்த அந்த மனிதர் சரீரத்தை வெறுங்கண்ணால் பார்த்தே அந்த நோயை இனங்கண்டார். 1865-இல் சாமுவேல் வில்க்ஸ் என்பவர் அதற்கு ஹாட்ஜ்கின் நோய் என்று பெயரிட்டார். மறுவருஷமே ஹாட்ஜ்கின் பாலஸ்தீனத்து யாப்பா நகரில் காலமானார். பிற்காலத்தில், ஜாடிகளில் பாதுகாத்து வைத்திருந்த அந்தப் பழைய திசுக்களைச் சிலர் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, ஏழும் ஒரே நோய் அல்ல, சிலவே உண்மையில் ஹாட்ஜ்கின் நோய் என்பது தெரியவந்தது. இதில் அவருக்கு ஓர் இழுக்கும் இல்லை. ஆனால் நெறி என்பது வெளித்தோற்றம் மட்டுமே, உள்ளே இருப்பது எது என்பதைத் திசுவை எடுத்துப் பார்க்காமல் எப்பேர்ப்பட்ட மேதையாலும் சொல்ல முடியாது என்பது அந்த ஜாடிகளிலேயே அடங்கியிருந்தது. 1898-இல் கார்ல் ஸ்டெர்ன்பெர்க்கும், 1902-இல் டாரதி ரீட் என்ற பெண்மணியும், ஆந்தையின் இரு கண்களைப்போல இரட்டைக் கருக்கள் விழித்துப் பார்க்கும் ராட்சத அணுவை வர்ணித்த பிறகே, ஹாட்ஜ்கின் நோய்க்கு அசைக்கமுடியாத அடையாளம் கிடைத்தது.

இதிலும் ஒரு விசித்திரம் உண்டு. ஹாட்ஜ்கின் நோய் நடுவறையில் மிகப் பெரிதாக வளரும். எனினும் சிரையை அடைப்பது அபூர்வம். வேகமாக வளரும் மற்ற லிம்போமாக்களே இந்தக் காரியத்தைச் செய்கின்றன: பதின்வயதுப் பையன்களிடம் அதிகம் தோன்றும் லிம்போபிளாஸ்டிக் வகையும், இளம் பெண்களிடம் அதிகம் காணும் நடுவறைப் பெரிய பி-அணு வகையும் இவற்றுள் பேர்போனவை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, காலஅளவு வேறு.

இப்போது நெருக்கடியின் இரண்டாம் பொருளுக்கு வருகிறேன். முகம் வீங்கி, உதடு நீலம்பாரித்து, மூச்சு வாங்கும் ஒரு மனிதனைக் கண்டால் யாருக்கும் கைகால் பதறும். ஆகையால் வெகுகாலம்வரை, இந்த அடைப்பு ஊர்ஜிதமான மாத்திரத்தில், இராத்திரியானாலும் சரி, என்ன வியாதி என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சரி, நெஞ்சுக்குக் கதிரியக்கம் கொடுத்துவிடுவதே தர்மம் என்று பாடபுத்தகங்கள் போதித்தன. கரண்ட் வைப்பது என்று நம் ஜனங்கள் சொல்லும் அதே சிகிச்சைதான். வீக்கம் வடிந்தது, உண்மை. ஆனால் மறுவாரம் திசுவை எடுத்துப் பார்த்தால், கதிர்கள் பொசுக்கிய சாம்பலே மிஞ்சியது. வியாதியின் பெயர் எரிந்துபோயிருந்தது. 1980-களில் பழைய பதிவேடுகளை நிதானமாகப் புரட்டிப் பார்த்த மருத்துவர்கள், சிரை அடைபட்ட காரணத்தால் மட்டுமே உயிர்போனவர்கள் மிகவும் அரிது என்பதையும், மூச்சுக்குழல் நசுங்கி மூச்சு சீழ்க்கையடிப்பது, மூளையில் நீர்கோத்து அறிவு மயங்குவது ஆகிய இரண்டு நிலைமைகளே உண்மையான அவசரம் என்பதையும் எடுத்துக்காட்டினார்கள். மற்றவர்களுக்கு ஓரிரு நாள் அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தில் சதை எடுத்துப் பரிசோதிப்பதே முதல் கடமை.

ஸ்டீராய்டு ஊசியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். வீக்கம் என்றாலே அந்த ஊசியைப் போட்டுவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. லிம்போமா அணுக்கள் சில ஸ்டீராய்டில் சர்க்கரைபோல் கரையும். நோயாளி எழுந்து உட்காருவான், ஊசி போட்டவர் கைராசிக்காரர் என்று பெயரெடுப்பார். சில நாளில் கட்டி திரும்பி வரும்போது, நடுவில் எடுத்த சதையில் ஒன்றும் துலங்காமல் நோயறி நிபுணர் கையைப் பிசைவார். திருடன் வந்த தடத்தை நாமே பெருக்கி, கோலம் போட்டுவிட்டு, போலீசைக் கூப்பிடுகிற கதைதான் இது.

சதை எடுப்பதிலும் ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. இப்படிப்பட்ட நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து முழுமயக்கம் கொடுத்தால், தசைகள் தளர்ந்த அந்தக் கணத்தில் கட்டியின் பாரம் முழுவதும் மூச்சுக்குழலின்மேல் இறங்கிவிடக்கூடும். ஆகவே விவேகமுள்ள மருத்துவர் முதலில் கழுத்தையும் அக்குளையும் தடவிப் பார்ப்பார். அங்கே ஒரு நெறி அகப்பட்டால் அதைத் தெய்வம் கொடுத்த வரமாகக் கொண்டு, அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து எடுத்துவிடுவார். அதுவரை நோயாளியைச் சாய்ந்து உட்காரவைத்து, பிராணவாயு கொடுத்து, குளுக்கோஸ் ஏற்றவேண்டுமானால் கையை விட்டுக் காலில் ஏற்றுவார்கள். வழியடைந்த பாதையில் மேலும் வண்டியை விடக்கூடாதல்லவா?

இனி மருந்துக்கு வருவோம். 1942-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் 48 வயது நோயாளி ஒருவர் படுத்திருந்தார். லிம்போமா, கதிர்வைத்தியம் பலமுறை கொடுத்து, இனிக் கேட்காது என்றாகிவிட்டது. தாடையிலும் அக்குளிலும் நெஞ்சின் நடுவறையிலும் கட்டிகள் அடைத்துக்கொண்டு, அவரால் மெல்லவோ விழுங்கவோ முடியவில்லை. முகமும் மேல்மார்பும் வீங்கியிருந்தன, சிரைகள் புடைத்திருந்தன, உடல் நீலம்பாரித்திருந்தது. எந்த நிமிஷத்திலும் மூச்சு நின்றுவிடலாம் என்று, தொண்டையில் துளையிடும் கருவிகளைக் கட்டிலருகிலேயே வைத்திருந்தார்கள். நான் இவ்வளவு நேரமும் வர்ணித்த அடைப்பின் சாக்ஷாத் சித்திரம் இது.

அதே சர்வகலாசாலையில் லூயி குட்மன், ஆல்பிரட் கில்மன் என்ற இரண்டு மருந்தியல் அறிஞர்கள், யுத்தகால ரகசிய ஒப்பந்தத்தின்கீழ், விஷவாயுவின் இனத்தைச் சேர்ந்த நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். முதல் உலக யுத்தத்தில் ஈப்ர நகரத்தருகே 1917-இல் வீசப்பட்ட மஸ்டர்டு வாயுவுக்கு இரையானவர்களின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் அற்றுப்போயிருந்தன. வெள்ளணுவைக் கொல்லும் விஷம், வெள்ளணுக்களால் ஆன கட்டியைக் கரைக்குமா? எலியிடம் சோதித்தார்கள், கரைந்தது. கஸ்டாஃப் லிண்ட்ஸ்கோக் என்ற அறுவை நிபுணரின் பொறுப்பில், அந்த நோயாளிக்குப் பத்து நாள் தினம் ஓர் ஊசி என்று கொடுத்தார்கள். இரண்டு நாளைக்குள் குணம் தெரிந்தது. நாலைந்து நாளில் முகத்து வீக்கம் வடிந்தது, விழுங்க முடிந்தது. பத்து நாள் முடிந்து சில தினங்களில் கட்டிகளே கைக்கு அகப்படவில்லை. பிறகு அவை திரும்பி வந்தன. இரண்டாம் முறை ஊசி சிறிது கேட்டது, மூன்றாம் முறை கேட்கவில்லை. டிசம்பர் மாதத்தில் அவர் இறந்துபோனார். யுத்த ரகசியம் என்பதால் 1946-இல்தான் இந்தச் செய்தி அச்சேறியது. கீமோதெரபி என்று உலகம் இன்று சொல்லும் வைத்தியத்தின் முதல் நோயாளி, நசுங்கிய சிரையும் வீங்கிய முகமுமாக வந்தவர் என்பதைப் பலர் அறியார்.

இதை 1943 டிசம்பர் 2-ஆம் தேதி இத்தாலியின் பாரி துறைமுகத்தில் மஸ்டர்டு குண்டுகளோடு ஒரு கப்பல் தாக்குண்டு வெடித்ததிலிருந்து பிறந்த கண்டுபிடிப்பாகச் சொல்லும் கதையொன்று பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. கதை சுவையானதுதான், ஆனால் நியூ ஹேவன் நோயாளிக்கு ஊசி போட்டு 15 மாதம் சென்ற பிறகே பாரியில் குண்டு விழுந்தது.

இரண்டாவது மருந்து நம் வாசலிலேயே இருக்கிறது. நித்தியகல்யாணி என்று கோவில் நந்தவனத்திலும், சுடுகாட்டு மல்லி என்று ஊருக்கு வெளியிலும், ஒரே செடியை இரண்டு பெயரால் அழைக்கிறோம். அதன் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. ஜமைக்காவில் நீரிழிவுக்கு அதன் இலையைக் கஷாயமாகக் குடிப்பதைக் கேள்வியுற்று, கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் சோதித்தபோது, சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. மறுபடியும் அதே தடயம். அதிலிருந்து வின்பிளாஸ்டின் 1958-இல் பிரிந்து வந்தது; இன்னொரு கூடத்தில் வின்கிரிஸ்டின் கிடைத்து, 1963-இல் வைத்தியத்துக்கு அனுமதி பெற்றது. இன்று நெஞ்சில் லிம்போமா வந்த ஒரு பிள்ளைக்கு ஏற்றும் மருந்துகளில் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்று இருக்கும். ஒரு டன் காய்ந்த இலைக்கு மருந்து கிராம் கணக்கில்தான் கிடைக்கும் என்பதால், வீட்டில் கஷாயம் வைத்துக் குடித்துவிடலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம், அது நஞ்சு.

மருந்துகளைத் தனித்தனியே கொடுத்தால் கட்டி திரும்பும், நாலைந்தைக் கூட்டிக் கொடுத்தால் திரும்பாமலே போகவும் கூடும் என்பது 1960-களில் தெளிந்தது. ஹாட்ஜ்கின் நோயாளிகளில் பெரும்பாலோர் இன்று முற்றும் குணமடைகிறார்கள். மற்ற வகைகளிலும் குணமடைவோர் பலர். மருந்து ஏறிய ஒன்றிரண்டு வாரத்துக்குள் முகம் பழைய முகமாகிவிடுகிறது. கட்டி வேகமாகக் கரைவதால் யூரிக் அமிலம் பெருகிச் சிறுநீரகம் அடைபடலாம், ஆகவே அதற்கு முன்கூட்டியே மருந்தும் திரவமும் கொடுக்கிறார்கள். நசுங்கிய சிரைக்குள் ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழாயை விரித்து, ஓரிரு நாளில் வீக்கத்தை வடியச்செய்யும் வித்தையும் 1980-களிலிருந்து இருக்கிறது. நுரையீரல் புற்றுக்கு அது பேருதவி. மருந்திலேயே கரையும் லிம்போமாவுக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை என்பதே என் அபிப்பிராயம்.

உங்களிடம் நான் யாசிப்பது இரண்டே விஷயங்கள். வீட்டில் ஒருவருக்குக் காலையில் முகம் உப்பி மத்தியானத்தில் வடிவது வாரக்கணக்கில் தொடர்ந்தால், சட்டையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் மார்பைப் பாருங்கள். புதிய நரம்புகள் ஓடினால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி நெஞ்சுக்கு ஓர் எக்ஸ்ரே எடுங்கள். யாராவது ஸ்டீராய்டு ஊசியை எடுத்தால், மூச்சு தடுமாறாத வரையில், "சதைப் பரிசோதனைக்கு எடுத்தாகிவிட்டதா, ஐயா?" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள்.